பாத்துக் குடுங்க டாக்டர்

இல்லீங்க தம்பி, இன்சூரன்ஸ் பதிலு இப்போதைக்கு வராது. உக்காருங்க. வெடியால ரவுண்ட்ஸ் வந்த டாக்டரு வீட்டுக்குப் போலாம்னு சொல்லியிருப்பாரு, நீங்களும் பையக் கட்டி, பிளாஸ்க்கக் கழுவி வெச்சுட்டு வந்து நின்னிருப்பீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் சரீங்கற வரைக்கும் இங்கிருந்து ஒரு தலகாணி வெளிய போகாது. மேசையில இருக்கற அந்தப் புள்ளைகிட்டப் போய்ப் போய்க் கேக்காதீங்க, பாவம் அது என்ன பண்ணும். சாயங்காலம் பொழுதோடத்தான் வரும். அந்தச் சேர் வேண்டாம், காலு ஆடுது. இதுல உக்காருங்க.

அப்பாவுக்குங்களா? முட்டி மாத்துனதா? நடந்துருவாருங்க, இப்பல்லாம் ரெண்டாம் நாளே நடக்க உட்டர்றாங்க. எனக்கு சம்மந்தியம்மா. என் மருமகளோட அம்மா, ஈஸ்வரின்னு பேரு. இருதயத்துல வால்வு மாத்தியிருக்கு. அவங்களும் நல்லா ஆயிட்டாங்க. மூணாவது மாடியில இருக்கறாங்க. நான் மறுபடி மேல போகலைங்க. இங்கயே உக்காந்துக்கறேன். காகிதம் பாக்க ஒரு ஆளு கீழ இருக்கோணுமில்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா, இது நம்ம சோலிதானுங்க. தாராபுரத்துல நாலு ஆஸ்பத்திரிக்கு இந்த இன்சூரன்ஸ் பில் வேலை பூராவும் நான்தான் பாக்கறேன். எங்க ஊட்டு மாடியிலயே ஆபீசு. மூணு புள்ளைக கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கும். ஆஸ்பத்திரியில இருந்து சீக்காளியோட காகிதம் வரும், நாங்க அதப் பில்லாக்கி, கம்பெனிக்கு அனுப்பி, அவன் நொட்டை சொல்றதுக்கெல்லாம் பதில் எழுதி, பணத்த டாக்டர் கணக்குல கொண்டாந்து சேத்தோணும். லேசுப்பட்ட வேலை இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு தவறினப்ப நான் டாக்டர் குழந்தைவேலு ஆஸ்பத்திரியில கல்லாவுல உக்காந்திருந்தேன். இன்சூரன்ஸ் வந்த புதுசுல ஒருத்தருக்கும் தலையும் புரியலை, வாலும் புரியலை. நான் கத்துக்கிட்டேன். அவரு பாத்துட்டு, "சாந்தாமணி, நீ தனியா இதையே பண்ணு, நாலு பேரு வருவாங்க"ன்னாரு. வந்தாங்க.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க தம்பி. இத்தனை வருசத்துல ஒரு டாக்டருகிட்டயும் எனக்கு இவ்வளவு குடுங்கன்னு வாயத் திறந்து கேட்டதில்லைங்க. சத்தியமா. முதல் மாசம் டாக்டர் குழந்தைவேலு, "எவ்வளவும்மா வேணும்?"னு கேட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. சோறு போட்ட மனுசன்கிட்ட ரேட்டுச் சொல்றதுங்களா? "பாத்துக் குடுங்க டாக்டர்"னு சொன்னேன். அவரும் ஒரு கவர்ல வெச்சுக் குடுத்தாரு. அதுக்கப்பறம் வந்த மூணு டாக்டருக்கும் அதே பேச்சுத்தான். பாத்துக் குடுங்க. ஊட்டுக்கு வயரிங் பண்ண வர்ற பையன் அப்படித்தான் சொல்றான், கல்யாணத்துக்குச் சமைக்க வர்றவரு அப்படித்தான் சொல்றாரு. மனுசனுக்கு மனுசன் ஒரு மரியாதைதானுங்களே. ரேட்டுப் போட்டு விக்கறதுக்கு இதென்ன தக்காளியா?

கவரு மாசத்துக்கு மாசம் ஒரே மாதிரி இருக்காதுங்க. பெரிய பில்லு நாலு பாஸாகி வந்த மாசம் தடியா இருக்கும், இல்லாத மாசம் லேசா இருக்கும். கையில வாங்கினாலே தெரிஞ்சுரும். நான் அதப் பத்தி ஒரு நாளும் நெனச்சதே இல்லைங்க.

என் பையன் கோகுலுக்குப் பொண்ணு பாத்தப்ப, பொண்ணு மெடிக்கல் பில்லிங்ல இருக்குதுன்னாங்க. எனக்குன்னா சந்தோசம் தாங்கலை. நம்ம சோலியே தெரிஞ்ச புள்ளைன்னு. மோகனப்பிரியான்னு பேரு, மோகனான்னு கூப்பிடுவோம். கோயமுத்தூர்ல அமெரிக்கா டாக்டர்களுக்குப் பில் போடற கம்பெனியில இருந்துச்சு. அந்த ஊரு டாக்டரு அங்க வைத்தியம் பாப்பாரு, இந்தப் புள்ளைக இங்க உக்காந்து பில் எழுதுங்க. கல்யாணம் ஆகி வந்து, வேலைய உட்டுட்டு நம்ம ஆபீசுலயே உக்காந்துச்சு. கெட்டிக்காரி. ஒரு வாரத்துல எல்லாத்தையும் பாத்துருச்சு. அப்பறம் ஒரு நாள் சோறு உங்கறப்பக் கேக்குது, "அத்தை, நம்ம ரேட் என்னங்க அத்தை?"

"ரேட்டெல்லாம் இல்ல கண்ணு. பாத்துக் குடுப்பாங்க"ன்னேன்.

"அப்படின்னா எதப் பாத்துக் குடுப்பாங்க?"

இதென்னடா கேள்வின்னு எனக்கு. "வேலையப் பாத்துக் குடுப்பாங்க"ன்னேன். அப்பறம் மோகனா சொல்லுச்சு. அதோட கம்பெனியில எல்லாம் எழுத்துல இருக்குமாம். ஒரு ஃபைலுக்கு இவ்வளவு, இல்லாட்டி ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு. வர்ற பணத்துல நூத்துக்கு இத்தனைன்னு பங்கு வாங்கறவங்களும் இருக்கறாங்களாம், ஆனா அந்த நாட்டுல சில பக்கம் சட்டம் அத ஒத்துக்காதாம். ஏன்னு கேட்டேன். "பங்குன்னு வந்துட்டா பில் எழுதற கை தன்னால நீளும் அத்தை. அதுக்குத்தான்"னுச்சு. "நம்ம பங்கா கேட்டோம்? நம்ம ஒண்ணுமே கேக்கறதில்லையே"ன்னேன். "கேக்காததுனாலதான் அத்தை அது பங்காப் போச்சு"ன்னுட்டு தட்ட எடுத்துட்டுப் போயிருச்சு. எனக்கு அன்னிக்கு உண்ட சோறு செரிக்கலைங்க. வந்த புதுசுல இப்படிப் பேசற மருமகளை நீங்க பாத்திருக்கீங்களா? சரி, சின்னப் புள்ளைன்னு உட்டுட்டேன்.

இப்ப இதக் கேளுங்க. போன ஆடி மாசம் சம்மந்திக்கு, மோகனாவோட அப்பாவுக்கு, தங்கமுத்துன்னு பேரு, பித்தப்பையில கல்லு. வலியில துடிச்சுட்டாரு. நான்தான் டாக்டர் குழந்தைவேலுகிட்ட சேத்தி உட்டேன். ஆபரேசன் நல்லா முடிஞ்சுது. சம்மந்தி புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பாலிசிங்க, வருசத்துக்கு நாலு லட்சம். ரெண்டு பேர்ல யாருக்கு என்னன்னாலும் அதுக்குள்ளதான். ஃபாரத்த எடுத்துக்கிட்டு நானே அவரு கட்டிலுக்குப் போனேன். மனுசன் எந்திரிச்சு உக்காரப் பாக்கறாரு, சம்மந்தியம்மா வந்திருக்கறாங்கன்னு. படுங்க படுங்கன்னு சொல்லி, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சம்மந்தி"ன்னேன்.

"நீங்க பாத்தாச் சரிங்க சம்மந்தி"ன்னுட்டு அப்படியே போட்டுக் குடுத்தாரு. பில்லு தொகை எழுதற எடம் அப்ப வெறும் கட்டமாத்தான் இருந்துச்சு. வேற யாராவதா இருந்தா எவ்வளவு ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. சம்மந்தி எழுதற பில்ல சம்மந்தி பாக்கறதுங்களா? எங்க பக்கம் அது பெரிய அவமரியாதைங்க. பொண்ணு குடுத்த எடத்துல காசப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க. அவரு பெரிய மனுசன்.

எழுபதாயிரத்துல முடியற வேலைங்க அது. நான் நல்லாச் செய்யோணும்னு நெனச்சேன். சம்மந்தியாச்சே, டாக்டருக்கும் நாலு காசு வரட்டும், அவரு நம்ம சம்மந்தியத் தங்கமாப் பாத்துக்கிட்டாரில்ல. மூணாம் நாள் ஊட்டுக்குப் போனவர அஞ்சு நாள் இருந்ததா எழுதினேன். சாதா ரூம்ல இருந்தவர ஏசி ரூம்ல இருந்ததா எழுதினேன். ஒரு நாளு ஐசியூவுல வெச்சதாவும் எழுதினேன். சீழ் புடிச்சிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சேத்திட்டா கம்பெனிக்காரன் அதையும் கேக்க மாட்டான். அதெல்லாம் ஒரு கைப்பக்குவம்ங்க தம்பி. டாக்டரும் படிச்செல்லாம் பாக்க மாட்டாரு, சாந்தாமணி எழுதினாச் சரியா இருக்கும்னு கையெழுத்துப் போட்டுருவாரு. ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட பாஸாச்சு. ஒரு ரூபா வெட்டு இல்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்கல்ல, கம்பெனிக்காரன் பணந்தானே. யாரு வயித்துல அடிச்சோம்?

அந்த மாசம் கவரு நல்லாத் தடியா இருந்துச்சு. நான் எடுத்து முழுங்கலைங்க. சம்மந்தியம்மாளுக்குத் தீவாளிக்குப் பட்டுச் சேலை எடுத்தேன். ஈஸ்வரியம்மா அதக் கட்டிக்கிட்டு வந்து காட்டிட்டுப் போனாங்க. அரக்குக் கலரு, அவங்க நெறத்துக்கு எடுப்பா இருந்துச்சு.

தை முடிஞ்சு மாசி பொறந்துச்சு. ஈஸ்வரியம்மாளுக்கு நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுன்னாங்க. தாராபுரத்துல பாத்தவங்க, இங்க கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. வால்வு கெட்டுப் போச்சு, சீக்கிரம் மாத்தோணும், மூணேகால் லட்சம் ஆகும்னாங்க. சம்மந்தி பதறலைங்க. "இன்சூரன்ஸ் இருக்குது, நம்ம சம்மந்தி இருக்கறாங்க"ன்னு அந்த அம்மாகிட்ட தைரியம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு அப்பவே ஆடி மாசத்துப் பில்லு ஞாபகம் வந்துருச்சுங்க. ஆனா பாருங்க, ஒரு வேளை கம்பெனியில ஏதாச்சும் சேத்திக் குடுப்பாங்களோன்னு ஒரு நப்பாசை. வாயத் தொறக்கலை.

இதே மேசைதானுங்க தம்பி. இதே எடம். இந்தப் புள்ளையில்ல, அன்னிக்கு வேற ஒரு புள்ளை, கண்ணாடி போட்டது. கம்ப்யூட்டரப் பாத்துட்டுச் சொல்லுச்சு, "இந்த வருசம் பாலிசியில ரெண்டு லட்சம் சொச்சந்தான் மிச்சம் இருக்கு சார். பாக்கி ஒண்ணேகால் லட்சம் நீங்க கட்டணும்." சம்மந்திக்கு ஒண்ணும் புரியலை. "இல்லியே கண்ணு, நாலு லட்சமாச்சே"ங்கறாரு. "ஆடியில நீங்க யூஸ் பண்ணியிருக்கீங்களே சார். அஞ்சு நாள் அட்மிசன், ஐசியூ ஒரு நாளு..."ன்னு அது பாட்டுக்குப் படிக்குது. சத்தமா வேற படிக்குதுங்க. அந்தக் காலத்துல இந்த மாதிரி ஸ்க்ரீனெல்லாம் எங்க இருந்துச்சு, எவனுக்கு என்ன தெரிஞ்சுது?

மோகனா எம் பக்கம் திரும்புச்சு. "அத்தை, அப்பா எப்ப ஐசியூவுல இருந்தாரு?"

சுத்தியும் ஆளுக. கோகுல் நிக்கறான். சம்மந்தி நிக்கறாரு. அந்தக் கண்ணாடிப் புள்ளையும் எம் மூஞ்சியவே பாக்குது. "மூணாம் நாள் வெடியால நான்தான் அப்பாவுக்கு ரசம் கொண்டு போனேன். ஊட்டுக்குத்தான் கொண்டு போனேன்"னுச்சு மோகனா. கத்தலைங்க. கத்தியிருந்தாக் கூட நானும் கத்தியிருப்பேன். மெதுவாத்தான் கேட்டுச்சு.

"எல்லா எடத்துலயும் அப்படித்தானே கண்ணு எழுதறாங்க. உங்கப்பாவுக்கு நல்லது பண்ணலாம்னுதானே..."ன்னேன்.

"கடைத் தேங்காய எடுத்து வழிப் புள்ளையாருக்கு ஒடைச்சீங்க அத்தை. அந்தக் கடையே எங்கம்மாளுதுங்க"ன்னுச்சு.

நடு ஆஸ்பத்திரியில மாமியாரப் பாத்து. சொல்லுங்க தம்பி, ஊட்டுல வந்து கேட்டிருக்கலாமில்ல? கதவச் சாத்திட்டு எவ்வளவு வேணாலும் கேக்கட்டும். எனக்கு அப்படியே தரையில பூந்துக்கலாம் போல இருந்துச்சு. சம்மந்திதான் காப்பாத்தினாரு. "மோகனா, சும்மா இரு. சம்மந்தியப் போயி இப்படிக் கேக்கறதா?"ன்னு அதட்டினாரு. அதட்டிட்டு எம் மூஞ்சியப் பாக்காம ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னாரு. அவரு அதட்டினது எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.

நான் கல்லு மனசுக்காரி இல்லீங்க. அன்னிக்குச் சாயங்காலமே அவருகிட்ட, "சம்மந்தி, தொகைய நான் ஏற்பாடு பண்றேன், ஒரு உதவியா இருக்கட்டும்"னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "பொண்ணக் குடுத்த ஊட்டுல கை நீட்டறதுங்களா சம்மந்தி? வேண்டாங்க"ன்னாரு. எங்க பக்கம் அப்படித்தானுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க குடுப்பாங்களே ஒழிய வாங்க மாட்டாங்க. உசுரே போனாலும் வாங்க மாட்டாங்க.

ஊட்டுக்கு வந்ததும் மோகனா சமையல்கட்டுல வந்து எம் பக்கத்துல நின்னுச்சு. "அத்தை, உதவின்னு சொல்லாதீங்க. அப்பா வாங்க மாட்டாரு. இது உங்க பணம் சம்மந்தி, நான் கூட்டி எழுதினதுல போனதுன்னு சொல்லிக் குடுங்க. அப்ப வாங்கிக்குவாரு. எங்கப்பாவ எனக்குத் தெரியும்"னுச்சு. கெஞ்சற மாதிரிதான் சொல்லுச்சு. கண்ணு நெறஞ்சிருந்துச்சு.

எப்படிங்க தம்பி சொல்றது? அப்படிச் சொன்னா, நான் எடுத்துட்டேன்னு ஆயிராதுங்களா? ஒரு ரூபா வாய் தொறந்து கேக்காதவ நான். சம்மந்திகிட்டப் போயி, உங்க பணத்த நான் கரைச்சுட்டேன்னு எந்த வாயால சொல்றது? நாளைக்கு ஒறம்பரையில ஒரு கல்யாணம் காட்சின்னா நான் மொகத்த எங்க வெச்சுக்கறது? "பாக்கலாம் கண்ணு"ன்னேன். அடுத்த நாளும் பாக்கலாம்னேன். மனசுக்குள்ள வார்த்தையெல்லாம் அடுக்கி வெச்சேன்ங்க, போன் எடுத்தா, "சம்மந்தி, சாப்பிட்டீங்களா?"ன்னுதான் வருது.

சம்மந்தி மாட்ட வித்துட்டாரு. மூணு கறவை மாடு. அதுல ஒண்ணு ஈஸ்வரியம்மா கன்னுக்குட்டியில இருந்து வளத்தது, அவங்க கை வெச்சாத்தான் பாலு விடும். பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி வித்து, பணத்தக் கொண்டாந்து இங்க கட்டினாரு. ஆபரேசன் முடியற வரைக்கும் அந்தம்மாளுக்குச் சொல்லலை. மாடெல்லாம் நல்லா இருக்குது, தண்ணி காட்டிட்டுத்தான் வந்தேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. மோகனா வெளிய போயி அழுதுச்சு. நான் அழுகலை. அழுதா ஏன்னு கேப்பாங்கல்ல.

ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் இருக்கும். சம்மந்தி எங்க ஊட்டுக்கு வந்தாரு. ஒரு சீப்பு பூவன் பழம், ஒரு பாக்கெட் வர்க்கி. என்னமோ கேக்கப் போறாருன்னுதான் நான் நெனச்சேன். வந்தவரு உக்காரக் கூட இல்லை. "சம்மந்தி, அன்னிக்கு எம் பொண்ணு நாலு பேருக்கு முன்னால உங்களக் கேட்டிருக்கக் கூடாது. நான் வளத்தது சரியில்லை. மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு சொன்னாரு தம்பி. கை கூப்பி.

அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பரவால்லீங்க சம்மந்தி, சின்னப் புள்ளைதானே"ன்னு சொன்னேன். காப்பி போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டுப் போனாரு. மன்னிச்சுட்டேன்ங்க நான், அவர. இத வெளிய யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்கள இனி எங்க பாக்கப் போறேன்னு சொல்றேன். அவரு போனதுக்கப்பறம் எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் பாருங்க, அவரா வந்து கேட்டாரு, நானா கேக்கச் சொன்னேன்?

அப்பறம் மோகனா ஒண்ணு பண்ணுச்சு. எங்கிட்டக் கேக்கவே இல்லை. டாக்டர் குழந்தைவேலுகிட்ட நேராப் போயி, "இனி ஒரு ஃபைலுக்கு நானூறு ரூபா டாக்டர். பெரிய பில்லுக்கும் நானூறு, சின்ன பில்லுக்கும் நானூறு. பாஸானாலும் அவ்வளவுதான், ஆகாட்டியும் அவ்வளவுதான். நர்சு எழுதி வெச்சது மட்டுந்தான் பில்லுல வரும்"னு சொல்லிருச்சு. அவரு என்னைக் கூப்பிட்டு உட்டாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயி நின்னேன். மருமக கூலி பேசிட்டு வந்துட்டாளே. மருவாதி எல்லாம் போச்சேன்னு.

அவரு சிரிக்கறாருங்க. "சாந்தாமணி, இத நீ முதல் நாளே சொல்லியிருக்கலாமே. மாசா மாசம் உனக்கு எவ்வளவு வெக்கறதுன்னு எனக்குப் பெரிய ரோதனை. கம்மியா வெச்சா மனசு கஷ்டப்படுவியோன்னு, வந்த பணத்துல நூத்துக்கு அஞ்சுன்னு நானா ஒரு கணக்கு வெச்சுக்கிட்டேன். நீ பில்லக் கூட்டி எழுதறப்பல்லாம், சரி, அவளுக்குப் பத்தலை போலன்னு கையெழுத்துப் போட்டேன்"னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "உங்களுக்கு வேணும்னுதானே டாக்டர் நான் கூட்டி எழுதினேன்!"

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அவரு சிரிப்ப நிறுத்திட்டாரு. பொறவு ஃபேன் ஸ்விட்ச அணைச்சுட்டு உள்ள போயிட்டாரு. அவரும் பாவந்தான். ஆனா ஒண்ணு, அவருக்கு சம்மந்தி இல்லை, மாடு இல்லை. அவரு பாட்டுக்கு உள்ள போயிறலாம்.

நாலு ஆஸ்பத்திரிக்கும் அதே நானூறுன்னு சொல்லியாச்சு. ஒரு டாக்டர் போயிட்டாரு, வேற ஆளப் பாத்துக்கிட்டாரு. போகட்டும். ஆனா இத்தனை வருசம் கௌரவமா இருந்துட்டு, இனி மாசம் பொறந்தா முப்பது ஃபைலு, நாப்பது ஃபைலுன்னு எண்ணிச் சொல்லிக் காசு வாங்கோணும்னு நெனச்சா எனக்குக் குத்தலாத்தான் இருக்குது. மோகனாவுக்கு அது புரியாது. அது எங்கிட்ட நல்லாத்தான் பேசுது, அத்தை அத்தைன்னு மாத்திரையெல்லாம் எடுத்துக் குடுக்குது. அந்தப் பேச்ச மட்டும் எடுக்கறதில்லை.

இன்னிக்கு வெடியால வந்தேங்க. டிஸ்சார்ஜ் காகிதத்துல ஈஸ்வரியம்மாகிட்டக் கையெழுத்து வாங்கோணும். மூணாவது மாடிக்குப் போனேன். தலகாணியில சாஞ்சு உக்காந்திருந்தாங்க. எளைச்சுப் போயிட்டாங்க, ஆனா மூஞ்சி தெளிவா இருந்துச்சு. மாடு வித்தது, பில்லு, எல்லாம் தெரிஞ்சு போச்சு போல. யாரு சொன்னாங்கன்னு தெரியலை. சம்மந்தியையும் மோகனாவையும், "நீங்க போயி டிபன் சாப்பிட்டு வாங்க"ன்னு அனுப்பி உட்டாங்க. நான் ஃபாரத்த நீட்டினேன். வாங்கினாங்க. பேனாவ எடுக்கலை. ஒவ்வொரு வரியா வெரல் வெச்சுப் படிச்சாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன், உக்காருங்கன்னு சொல்லலை. படிச்சு முடிச்சுட்டு நிமிந்து, "உங்களுக்கு எவ்வளவுங்க?"ன்னு கேட்டாங்க.

"ஐயோ, என்னங்க சம்மந்தி, உங்ககிட்டப் போயி நானு..."

"இல்லீங்க. சொல்லுங்க. அவரு அன்னிக்குக் கேக்காம உட்டுட்டாரு. நான் கேக்கோணும். சொன்னாத்தான் நான் இதுல கையெழுத்துப் போடுவேன்"னாங்க. கோவமெல்லாம் இல்லீங்க. மாட்டுக்குத் தவுடு வாங்கறப்பக் கடைக்காரன்கிட்டக் கேப்பாங்கல்ல, அந்த மாதிரி. சாதாரணமா.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். ஒரு லட்சத்து இருவத்தஞ்சாயிரத்த நான் உங்களுக்குத் தரோணும்னு. அவங்களே வாசலத் தொறந்து உட்டாங்க பாருங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சத்தியமா வந்துச்சுங்க தம்பி.

"நானூறு ரூபாங்க"ன்னு சொன்னேன்.

தலகாணிக்கு அடியில இருந்து சுருக்குப் பைய எடுத்தாங்க. நாலு நோட்டு எடுத்து நீட்டினாங்க. வாங்காம நின்னா, கை வலிக்குதுங்க வாங்கிக்குங்கன்னாங்க. நெஞ்சு அறுத்துத் தெச்ச ஒடம்பு, கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கறாங்க. வாங்கிட்டேன். பொண்ணு எடுத்த ஊட்டுக்காரி, பொண்ணு குடுத்த ஊட்டுக்காரிகிட்ட, கட்டில் பக்கத்துல நின்னு கூலி வாங்கினேன். அதுக்கப்பறந்தான் கையெழுத்துப் போட்டாங்க.

ஃபாரத்தத் திருப்பிக் குடுத்தாங்க. சிரிச்சாங்க கூட. வேலை முடிஞ்ச ஆளப் பாத்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"ரொம்ப நன்றிங்க மேடம்"னாங்க.